சென்னியப்பன் சத்தம் போட்ட ஊர்

சென்னியப்பனின் சாம்பல் என் மசாலாப் பெட்டியில்தான் வந்தது. மிளகாய்த் தூளுக்கும் பெருங்காயத்துக்கும் நடுவே, வாயில் மஞ்சள் துணி கட்டிய ஒரு சின்னத் தூக்குப்போசியில், ஈரோட்டில் ரயிலேறி, இரண்டு ராத்திரியும் மூன்று பகலும் சமவெளியெல்லாம் கடந்து, பிறகு வளைந்து வளைந்து ஏறுகிற மலைப் பாதையில் பதினான்கு பேரின் வாந்திக்கும் புளிச்சாதத்துக்கும் நடுவே குலுங்கிக் குலுங்கி, புத்தரைக் கும்பிடுகிற அந்த மலை நாட்டுக்கு வந்து சேர்ந்தது. நான் சமையல்காரன். பேர் மாரப்பன். கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு எல்லாவற்றுக்கும் ஆக்கிப் போடுவேன். புரட்டாசியில் எங்கள் பக்கம் அதெல்லாம் கிடையாது என்பதால் அந்த மாதம் மட்டும் டூர் கோஷ்டியோடு அடுப்பையும் அரிசி மூட்டையையும் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். எங்கள் ஜனம் சொர்க்கத்துக்குப் போனாலும் அங்கே காலையில் இட்லி உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் காலை உள்ளே வைக்கும்.

சென்னியப்பன் இருபத்தெட்டு விசைத்தறி ஓட்டியவர். இருபத்தெட்டும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது, ஆனால் சென்னியப்பன் வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் கடைசித் தறிக்காரனுக்குக் கேட்கும், கேட்டே தீரும். அந்தத் தொண்டையை அவர் வீட்டுக்குப் போகும்போது தறிக் குடோனிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகவில்லை. சோறு போட்டால் சத்தம், போடாவிட்டால் சத்தம், குழம்பில் உப்பு குறைந்தால் ஒரு சத்தம், கூடினால் வேறு சத்தம். முப்பத்தெட்டு வருஷம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே அம்சவேணி அக்கா குடித்தனம் நடத்தினார். தெருவில் இறங்கிவிட்டால் சென்னியப்பன் தங்கமான மனுஷன், பால்காரம்மாவைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எந்த வீட்டில்தான் ஆம்பிளை சத்தம் போடவில்லை, என் வீட்டிலும் போடுகிறவன் நான்தான்.

ஆனி மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். கூடுதுறை ஆற்றில் கரைத்தது போக ஒரு கைப்பிடிச் சாம்பலைக் காசிக்குக் கொண்டுபோகவேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே சத்தம் போட்டுச் சொல்லியிருந்தார். அக்கா காசிக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். டூர் கம்பெனி நோட்டீசில் நாலு நாட்டுப் படம் போட்டிருந்தது, அதில் ஒரு படத்துக்குக் கீழே 'இங்கே வண்டிகள் ஹாரன் அடிப்பதில்லை' என்று ஒரு வரி இருந்தது, அக்கா அந்த வரியின் மேல் விரலை வைத்து இங்கே போகிறேன் என்றார். அவருடைய கொழுந்தனார் யோசனைக்காரர்.

"அதுவும் இமயமலைதானுங்க அண்ணி. அங்க ஓடற தண்ணியும் கீழ வந்து கங்கையிலதான் உளுகுது. ஒரே அலைச்சல்ல ரெண்டு காரியம் முடிஞ்சு போகுமுங்க" என்றார்.

அக்கா தன் பையில் அந்தப் போசியை வைக்க விடவில்லை. கொழுந்தனார் என்னைக் கேட்காமலே என் பெட்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த நாட்டில் ஹாரன் மட்டுமில்லை, எதுவுமே சத்தம் போடவில்லை. மாடு கத்தாமல் பார்த்தது. ஆற்றுப் பாலத்தில் கட்டிய கொடிகள் நைந்து கிழிந்து காற்றில் ஆடின, அதற்குக்கூடச் சத்தமில்லை. ஆள் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கேட்கிற அளவுக்குத்தான் பேசினார்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த ரிஞ்சின் என்கிற பையன் கோயம்புத்தூரில் நாலு வருஷம் காலேஜில் படித்தவன், நம்மைவிடச் சுத்தமாக ஏனுங்கண்ணா வாங்கண்ணா என்பான், அவனும் எல்லையைத் தாண்டியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டுவிட்டான். எல்லை தாண்டிய மூன்றாம் நாள் மத்தியானம், வேறெந்த டூர் பஸ்சும் போகாத ஒரு பள்ளத்தாக்கில், முப்பது வீடு இருந்த ஓர் ஊரில் எங்களை இறக்கினான். யாங்சோம் என்கிற பெண்ணின் வீட்டு மாடியில் தங்க இடம். நாற்பது வயதிருக்கும் அவளுக்கு, கண்ணுக்குக் கீழே கரி பூசிய மாதிரி கருத்திருந்தது.

அன்றைக்கு அக்கா வயல் ஓரத்துக் கல்சுவரில் போய் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் அசையவில்லை. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மாரப்பா, உனக்கு ஏதாச்சும் கேக்குதா?" என்றார்.

"இல்லீங்களேக்கா."

"எனக்கும் கேக்கல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். இருபது வருஷமாக அவர் வீட்டு விசேஷங்களுக்குச் சமைக்கிறேன், அவர் பல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதோடு நான் விட்டிருக்கவேண்டும். ஆனால் எனக்கு என் பெட்டி உறுத்திக்கொண்டே இருந்தது. மிளகாய்த் தூள் எடுக்கும்போதெல்லாம் போசி கையில் தட்டுகிறது. யாங்சோம் வீட்டுக்கு மேலே ஓர் ஓடை இறங்கி வந்தது, ஓடையின் மேல் வெள்ளை அடித்த ஒரு சின்ன மாடம், அதற்குள் ஆள் உயரத்துக்கு ஒரு ஜெபச் சக்கரம், தண்ணீர் தள்ளத் தள்ள அது தானாகச் சுற்றும், ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மேலே இருக்கிற மணியை இடித்து டிங் என்று சொல்லும். சாமி இருக்கிறது, மணி இருக்கிறது, ஓடுகிற தண்ணீர் இருக்கிறது. எங்கள் கோஷ்டியில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் நல்லசிவம் இருந்தார், அவர்தான் பெரியவர். அவரும் இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றார். அக்கா மட்டும், ஏழாம் நாள் கீழே பெரிய ஆறு வரும், அங்கே கரைத்துக்கொள்ளலாம், இந்த ஊர் இப்படியே இருக்கட்டும் என்றார்.

"என்ற பொட்டில பொணச் சாம்பலை வெச்சுக்கிட்டு இன்னும் நாலு நாளைக்கு நான் எப்படீங்க்கா சோறாக்கறது?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். சத்தம் போட்டால் உடனே அடங்கிவிடுகிற பழக்கம் அக்காவுக்கு இருந்தது. எழுந்து வந்து போசியை வாங்கி, மாடத்துக்கு மேல் பக்கம் ஓடையில் கவிழ்த்தார்.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி டிங் என்றது. இன்னொரு சுற்று, டிங். மூன்றாவது சுற்றில் மணிச் சத்தத்துக்குப் பின்னாலேயே, மாடத்துக்குள்ளிருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏய்! உப்பு எங்கடி?" என்று கேட்டது.

"சென்னியப்பன் குரல்தான்" என்றார் நல்லசிவம். "ஆஸ்பத்திரியில இருந்ததுக்கு இப்பத் தெளிவா இருக்குது."

அக்கா காலிப் போசியை ஓடையிலேயே கழுவி, துடைத்து, என்னிடம் கொடுத்தார்.

ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களும் சாம்பலை வீணாக்குகிறவர்கள் இல்லை. இறந்தவர் சாம்பலை மண்ணோடு பிசைந்து விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னக் கோபுரமாக்கிப் பாறை இடுக்கில் மழை படாமல் வைப்பார்கள், அதனால் சாம்பல் அவர்களுக்குப் புதிதில்லை, அது பேசுவதுதான் புதிது. வந்திருப்பவர் யார் என்று ரிஞ்சினிடம் கேட்டார்கள். இந்த அம்மாவின் வீட்டுக்காரர் என்று அவன் சொன்னதும் ஒருவர் போய் வெண்ணெய் போட்ட டீ ஒரு கிண்ணம் கொண்டுவந்து சக்கரத்தின் முன்னால் வைத்தார், இன்னொருவர் வெள்ளைத் துண்டு ஒன்றை மாடத்துத் தூணில் கட்டினார், வந்த விருந்தாளிக்கு அவர்கள் அதைத்தான் செய்வார்கள். சென்னியப்பன் டீயைக் குடிக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. சுற்றுக்குச் சுற்று ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கடி போய்த் தொலஞ்ச. கூப்புட்டாக் காதுல உளுகாதா. உன்ற அப்பன் ஊட்டுல இதைத்தான் சொல்லிக் குடுத்தானா. மூதேவி. ஒன்னுக்கும் ஆகாதவளே.

ரிஞ்சினுக்கு வேறு கவலை. அந்த நாட்டில் வெளி ஆள் ஒவ்வொருவருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். "பர்மிட்ல பதினாலு பேருதானுங்கண்ணா இருக்குது, இவரைச் சேத்தா பதினஞ்சாச்சு" என்று தவித்தான். மறுநாள் செக்போஸ்ட்டிலிருந்து ஓர் அதிகாரி இரண்டு மணி நேரம் நடந்து வந்தார், தொப்பியைக் கழற்றிவிட்டு மாடத்துக்கு முன்னால் நின்று ஆறு சுற்றுக் கேட்டார், வயதும் ஊரும் விசாரித்தார், பிறகு கால் இல்லாதவருக்குச் சீட்டு வேண்டியதில்லை என்றும் ஆனால் வழிகாட்டி இல்லாமல் ஊரை விட்டுப் போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அதிகாரி வந்த அன்று காலையில்தான் யாங்சோம் மாடிக்கு ஓடி வந்தாள். முகம் வீங்கியிருந்தது, கன்னத்தில் பாயின் தடம். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக ஐப்பசி அறுப்புக்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினேன் என்றாள், சொல்லிக்கொண்டே அழுதாள். அந்த ஊரின் அமைதி அமைதியே இல்லை, தொண்டை கட்டிப்போனது என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. மலைக்காட்டில் காட்டுப்பன்றி. கதிர் பால் பிடித்ததிலிருந்து அறுப்பு முடிகிற வரை நாற்பது நாள் கூட்டம் கூட்டமாக இறங்கும். கொல்லக்கூடாது, புத்தர் சம்மதிக்கமாட்டார். வேலி போட்டால் முட்டித் தள்ளிவிடும். ஆகவே வீட்டுக்கு ஒரு பரண் கட்டி, ஆள் மாற்றி ஆள் விடிய விடியக் கத்துவார்கள், தகரம் தட்டுவார்கள், விடிந்ததும் குரல் போய், கண் எரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். யாங்சோமின் புருஷன் ஐந்து வருஷத்துக்கு முன்னால் பரணில் தூக்கத்தில் சாய்ந்து கீழே விழுந்து செத்தவன். அதற்குப் பிறகு அவள் ஒருத்தியே கத்தினாள். சென்னியப்பன் சத்தம் போட்ட ராத்திரி ஒரு பன்றிகூட இறங்கவில்லை.

இரண்டு நாளில் அந்த ஊர் ஜனத்தின் நிறமே மாறிவிட்டது. தூங்கி எழுந்த முகம் எப்படி இருக்கும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கிழவர்கள் ஜெபமாலையோடு மாடத்தைச் சுற்றி வந்தார்கள். ஒரு சுற்றுக்கு மணி அடிக்கும், சென்னியப்பன் திட்டுவார், அவர்கள் தலை வணங்கி அடுத்த அடி வைப்பார்கள். பிள்ளைகள் அந்தச் சொற்களை அப்படியே பிடித்துக்கொண்டு, கிணுகிணுவென்று சின்னக் குரலில், மூதேவி மூதேவி என்று சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். அக்காவைக் கண்டால் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நல்லசிவம் மார்பை நிமிர்த்திக்கொண்டு, நம்ம ஊர் ஆளால் இத்தனை பேருக்கு நன்மை என்று ஒவ்வொரு பந்தியிலும் சொன்னார். அக்கா ஜன்னலைச் சாத்திவிட்டு, அதன் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் வைத்த சோற்றை அவர் பிசைந்ததோடு சரி.

அந்த ஊருக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் எல்லாரும் மலை உச்சியில் இருக்கிற மடத்தைப் பார்க்கப் போனோம். ஊரை விட்டு ஏறிய முதல் மணி நேரத்தில் அக்கா எங்களுக்கெல்லாம் முன்னால் போனார். ஒரு கொண்டையூசி வளைவு வந்தது, அதைத் திரும்பியதும் சென்னியப்பன் குரல் அறுந்தது. அக்கா அங்கேயே நின்று, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டார். மடத்தில் ஒரு துறவி சூடாக ஏதோ கொடுத்தார், அதைக் குடித்தார், மதியம் இரண்டு கரண்டி சோறு கேட்டு வாங்கினார். சாயங்காலம் இறங்கி அதே வளைவுக்கு வந்ததும் கீழேயிருந்து வந்தது: "எங்கடி போய்த் தொலஞ்ச?"

ஊருக்குள் வந்தால் யாங்சோமின் கீழ் வயல் உழுது போட்ட மாதிரி கிடந்தது. நாங்கள் வளைவைத் தாண்டிய நேரத்தில் சத்தம் நின்றிருக்கிறது. இரண்டு நாளாகக் காட்டு ஓரத்தில் பசியோடு காத்துக்கிடந்த பன்றிகள் பட்டப்பகலிலேயே இறங்கிவிட்டன. அவள் ஒருத்தி தகரம் தட்டி என்ன ஆகும்?

அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. அக்கா காதில் விழுகிற தூரத்தில் இருந்தால்தான் சென்னியப்பன் பேசுவார். சும்மா சுவரைப் பார்த்துத் திட்டுகிற மனுஷன் இல்லை அவர்.

அந்த ஜனம் பொறுமைசாலிகள். மறுநாள் காலையிலிருந்து வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தார்கள். சத்தத்தைப் போனில் பிடித்தார்கள், போட்டுப் பார்த்தால் தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டது. அக்காவை வளைவுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, ஊர்ப் பெண்களை ஒவ்வொருத்தியாகச் சக்கரத்தின் முன்னால் நிறுத்தினார்கள். யாங்சோம் நின்றாள், ஊர்த்தலைவரின் மனைவி நின்றாள், எங்கள் கோஷ்டிப் பெண்களும் ஆறு பேர் போய் நின்றார்கள். சென்னியப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரார் வீட்டுப் பெண்களிடம் அவர் என்றைக்குமே மரியாதை தவறினதில்லை. அக்காவைத் திரும்பக் கூட்டிவந்து, சத்தம் தொந்தரவாக இருந்தால் காதில் அடைத்துக்கொள்ளட்டும் என்று ஆட்டுக் கம்பளி கொடுத்தார்கள். அடைத்துக்கொண்டதும் சென்னியப்பனுக்குத் தெரிந்துவிட்டது, நிறுத்திவிட்டார். எடுத்ததும் ஆரம்பித்தார்.

மத்தியானம் ஊர்க் கூட்டம். ஊர்த்தலைவர் ஒடிசலான மனுஷர், பேசுவதற்கு முன்னால் எழுந்து நின்று அக்காவைக் கும்பிட்டார். அறுப்பு முடிய இன்னும் இருபது நாள். இருபது நாள் மட்டும் அம்மா இங்கே தங்கவேண்டும். நல்ல அறை, முதல் பால், முதல் வெண்ணெய், எல்லாம் அம்மாவுக்கு. இருபத்தோராம் நாள் ஊரே கூட வந்து எல்லைவரை விட்டுவிட்டுப் போகும். இந்தத் தானியம்தான் முப்பது வீட்டுக்கு ஒரு வருஷச் சோறு, இது போனால் பாதிப் பேர் பட்டணத்துக்குப் பாத்திரம் கழுவப் போகவேண்டியதுதான். ரிஞ்சின் தலையைக் குனிந்துகொண்டே தமிழில் சொன்னான்.

"இந்த மனுஷன் என்ன பேசறாருன்னு அவியளுக்குத் தெரியுமா, ரிஞ்சின்? ஒவ்வொன்னையும் எடுத்துச் சொல்லு" என்றார் அக்கா.

அவன் சொன்னான். கூச்சத்தோடு, ஒன்றையும் விடாமல், மூதேவிக்கு அவர்கள் மொழியில் என்னவோ அதையும் சொன்னான். யார் முகமும் மாறவில்லை.

"அவங்களுக்கு மொத நாளே தெரியுமாமுங்க. பன்னிக்கே புரிஞ்சிருச்சு, மனுஷனுக்குப் புரியாதான்னு கேக்கறாங்க" என்றான்.

யாங்சோம் எழுந்து வந்து அக்காவின் முன்னால் மண்டியிட்டாள். ரொம்ப நேரம் தாழ்ந்த குரலில் பேசினாள். நீங்கள் வந்த இந்த நாலு நாளில்தான் நான் மனுஷியாக இருந்தேன், எனக்காக இல்லாவிட்டாலும் என் வயலுக்காக இருங்கள் என்றாள். கடைசியில் ஒன்று சொன்னாள், ரிஞ்சின் அதைச் சொல்லத் தயங்கி, பிறகு சொன்னான்: "உங்களுக்கு இது பழகுனதுதானே, எங்களுக்குத்தான் பன்னி பழகவே இல்லைன்னு சொல்றாங்கம்மா."

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் பதின்மூன்று பேர். "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"புண்ணியமுங்க. முப்பத்தெட்டு வருஷம் கேட்டதுல இருபது நாளு ஒரு கணக்கா?" என்றார் நல்லசிவம். அவர் மனைவி தலையாட்டினார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், எல்லாம் அதேதான். என் முறை வந்தது. "பழகுனதுதானுங்களேக்கா" என்றேன் நானும். பசி தெரிந்தவன் நான், அந்த வயலைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அப்படித்தான் என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

"ஒருத்தராச்சும் வேண்டாமுன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றார் அக்கா.

அவர் ஊர்த்தலைவரைப் பார்த்துக் கும்பிட்டார். "இருபது நாளுதான்னு சொல்றீங்க. என்னைக் கட்டிக் குடுத்தப்ப எங்கப்பனும், கொஞ்ச நாளைக்கு அனுசரிச்சுப் போ கண்ணு, அப்பறம் செரியாப் போயிரும்னுதான் சொன்னாரு. உங்க சோறு போகுதுன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சுதான் சொல்றேன். நான் இருக்கமாட்டேன். அந்தச் சக்கரத்தை ஒடச்சுப் போட்டுட்டு இருக்கச் சொன்னாச் சாகற வரைக்கும் பரணேறிக் கத்தறேன். இவருக்கு மட்டும் இருக்கமாட்டேன்."

பரணேறுகிறேன் என்றதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கிழவியம்மாள் கத்தி எந்தப் பன்றி ஓடும்? கூட்டம் கலைந்தது. யாரும் கோபப்படவில்லை, ஒரு சுடுசொல் இல்லை, அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் ஊரே வந்து வழியனுப்பியது. அக்காவின் கழுத்தில் வெள்ளைத் துண்டு போட்டார்கள். யாங்சோம் அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை வந்தாள், மேலே ஏற்றி வைத்தாள், இறங்கிப் போய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தாள். பஸ் ஏறத் தொடங்கியது. சென்னியப்பன் பின்னால் கத்தினார், ஏறஏற இன்னும் சத்தமாகக் கத்தினார், மாடத்து ஓடு அதிர்ந்து கழன்று விழுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். வளைவு பக்கத்தில் வந்தபோது குரல் திடீரென்று இறங்கியது.

"அம்சா... போகாதடி. நீ இல்லீன்னா எனக்கு யாருடி இருக்கறா?"

நல்லசிவத்தின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "பாவம், மனுஷன் கெஞ்சறாரு பாருங்க. வண்டியை நிறுத்தச் சொல்லட்டுங்களா?" என்றார்.

"கெஞ்சல் இல்லீங்க அது" என்றார் அக்கா, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி. "அடிச்ச அன்னைக்குச் சாயங்காலம் இப்படித்தான் பேசுவாரு. நீ ஓட்டு கண்ணு."

வண்டி வளைந்தது. குரல் அறுந்தது. கீழே காட்டு ஓரத்திலிருந்து பன்றிகள் வெளியே வந்தன, பத்து, பதினைந்து, குட்டிகளோடு, அவசரமே இல்லாமல், தங்கள் வீட்டுக்குப் போகிற மாதிரி வயலுக்குள் இறங்கின. தகரம் கேட்டது. ஒரு பெண் குரல் கத்துவதும் கொஞ்ச நேரம் கேட்டது. எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தோம்.

"பசிக்குது மாரப்பா, சோறு எடு" என்றார் அக்கா.

எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாகத்தான் அவருக்கு நான் கொடுத்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன். அதற்குப் பிறகு ஊர் வந்து சேருகிற வரைக்கும் அவரோடு யாரும் பேசவில்லை. ரயிலில் அவர் பக்கத்து சீட் காலியாகவே வந்தது.

ஊரில் அவரைப் பேசாத வாயில்லை. ஒரு ஊர் சோற்றில் மண்ணைப் போட்டவள் என்றார்கள். கட்டினவன் ஆத்மாவை அந்நியச் சீமையில் அத்துவானத்தில் விட்டுவிட்டு வந்தவள் என்றார் கொழுந்தனார். மகன்கள் இரண்டு பேரும் போன் செய்வதை நிறுத்தினார்கள். விசேஷத்துக்குப் பத்திரிகை வைப்பதில்லை, வாசலில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். கதையைப் பந்திக்குப் பந்தி, அடுப்புக்கு அடுப்பு கொண்டுபோனவன் நான்தான். பன்றிகள் இறங்கியதை நான் சொல்வதைக் கேட்டால் கல்லும் கரையும்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் ரிஞ்சின் போன் செய்தான். போன அறுப்பில் பாதிகூட வீடு வந்து சேரவில்லையாம். யாங்சோம் தலைநகரில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாளாம். "அந்தம்மா இப்ப நல்லாத் தூங்கறாங்களான்னு கேக்கச் சொன்னாங்கண்ணா" என்றான்.

நான் வேலையெல்லாம் போட்டுவிட்டு அதைச் சொல்வதற்கென்றே அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் மனசு சுடவேண்டும் என்றுதான் போனேன். தறிகளை விற்றுவிட்டிருந்தார். அந்தப் பெரிய வீட்டில் ஒரு சத்தமில்லை. நான் சொல்லி முடிக்கிற வரை கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை.

"அந்தப் புள்ளையை நெனச்சுக்கிட்டேதான் படுக்கறேன். ஆனாத் தூங்கீர்றேன் மாரப்பா. அப்படியே சொல்லீரு" என்றார்.

அந்தத் திமிரைப் பொறுக்கமாட்டாமல் வீட்டுக்கு வந்தேன். சட்டமாக உட்கார்ந்து என் மனைவி வசந்தமணியிடம் முதலிலிருந்து கடைசிவரை கதையைச் சொன்னேன். மற்றவர்களுக்கெல்லாம் சொன்னேனே தவிர அவளுக்கு அதுவரை முழுசாகச் சொன்னதில்லை. அவள் கீரை ஆய்ந்துகொண்டு கேட்டாள். பன்றி வந்த இடத்திலும் கை நிற்கவில்லை, யாங்சோம் பாத்திரம் கழுவுகிற இடத்திலும் நிற்கவில்லை. எல்லாம் முடிந்ததும் இப்படி ஒரு பொம்பளை இருப்பாளா என்று கேட்டேன். அவள் அடுத்த கட்டுக் கீரையைப் பிரித்தாள். காது கேக்குதா இல்லையா என்று ஒரு சத்தம் போட்டேன்.

அவள் கீரையை முறத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, அந்த நாட்டுப் பேரு என்னன்னு சொன்னீங்க?" என்றாள்.